லயத்து ரசிகரின் அபிப்பிராயம்

இலங்கை மலைநாட்டில் பண்டாரவளையைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களின் ஜனங்களைப் பற்றி எழுத வந்தவர்கள், அவர்களுடைய கூலியையும் கடனையும் பிரஜாவுரிமையையும் குறித்து மிகுதியாக எழுதியிருக்கிறார்கள், அது நியாயமே. ஆயினும் பகலெல்லாம் கொழுந்து பறித்துவிட்டு, இராத்திரி நகரத்துக்கு நடந்து சென்று ஒரு படத்தைப் பார்த்துவந்து, மறுநாட் காலையில் பேர் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்தில் நின்றபடியே அந்தப் படத்துக்குத் தீர்ப்புச் சொன்ன மனிதர்களாக அவர்களைக் கண்டு எழுதியவர்கள் மிகச் சிலர். அந்தத் தீர்ப்புகள் ஏட்டில் ஏறியவை அல்ல. லயம் என்ற வரிசை வீடுகளின் இஸ்தோப்புத் திண்ணையிலும், தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையிலும் சொல்லப்பட்டு, சொன்ன இடத்திலேயே கரைந்து போனவை. ஆனாலும் அவற்றைக் கேட்டு வளர்ந்தவன் என்ற முறையில், பிற்காலத்தில் நான் பத்திரிகைகளில் வாசித்த விமர்சனங்கள் பலவற்றைக் காட்டிலும் அவை நேர்மையும் நுட்பமும் உடையவை என்று துணிந்து சொல்லுவேன்.

சினிமா மலைநாட்டுக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே அந்த ஜனங்களுக்கு ஓர் அளவுகோல் இருந்தது. மாசி மாதத்து மூன்றாம் பிறையில் கம்பம் ஊன்றி, பௌர்ணமியை ஒட்டிக் காமன் எரியும் இரவு வரையில் தோட்டந்தோறும் நடந்த காமன் கூத்தும், விடிய விடிய ஆடிய அருச்சுனன் தபசும், பொன்னர் சங்கர் கதையுமே அந்த அளவுகோல். ரதி வேஷம் கட்டியவர் விரதம் காத்தவராயிருந்தாலும், அடுத்த காம்பராவில் குடியிருப்பவராயிருந்தாலும், மன்மதன் எரிந்தபின் அவர் பாடும் ஒப்பாரியில் உண்மை இல்லையென்றால், தப்புக்காரர் தப்பை நிறுத்தாவிட்டாலும், கிழவிகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு விடுவார்கள். கதை எல்லாருக்கும் தெரிந்தது. ஆகையால் அடுத்து என்ன நடக்கும் என்ற ஆவலுக்கு அங்கே இடமில்லை. தெரிந்த துக்கத்தை வேஷக்காரன் எப்படிப் படுகிறான் என்பதொன்றே கவனிக்கப்பட்டது. இந்தப் பயிற்சியோடு வந்தவர்கள்தாம் பிறகு வெண்திரைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள் என்பதை மறந்துவிட்டு அவர்களைப் 'பாமர ரசிகர்' என்று ஒதுக்குவது பெரிய அநியாயம்.

வெளியுலகத்தை மலைநாட்டோடு இணைத்த புகையிரதப் பாதை 1894-இல் பண்டாரவளையை அடைந்து, பின்னும் முப்பது வருஷம் கழித்து 1924-இல் பதுளையில் வந்து முடிந்தது. கொழும்பில் 1928-இல் சிற்றம்பலம் கார்டினர் ஸ்தாபித்த சிலோன் தியேட்டர்ஸ் முதலிய கம்பெனிகள் தலையெடுத்தன. 1931-இல் 'காளிதாஸ்' தமிழைப் பேச வைத்தது. சிங்களத்தின் முதற் பேசும்படமாகிய 'கடவுனு பொறொந்துவ' 1947-இல் வெளியானபோது, எஸ்.எம். நாயகம் அதை மதுரையிலிருந்த தமது ஸ்டூடியோவில்தான் எடுத்திருந்தார் என்பது, அந்நாளில் தென்னிந்தியப் படவுலகம் இத்தீவின்மேல் கொண்டிருந்த ஆதிக்கத்துக்குப் போதிய சாட்சி. மலைநாட்டுச் சிறு நகரங்களின் படமாளிகைகளுக்கும் தென்னிந்தியப் படங்களே வந்தன. சம்பள நாளை அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமை, கடையில் அரிசிக் கணக்கைத் தீர்த்துவிட்டு மிஞ்சிய காசோடு போய் அவற்றைப் பார்ப்பது, தேர்த் திருவிழாவுக்கு அடுத்த சந்தோஷமாயிற்று.

அந்தக் காலத்துப் படங்களில் இரண்டைப் பற்றி நான் கேட்ட அபிப்பிராயங்களைச் சொல்ல வேண்டும். 1952-இல் வந்த 'பராசக்தி'யைத் தமிழ்நாட்டில் அதன் வசனத்துக்காகவும், கோயிலைப் பற்றி அது எழுப்பிய விவாதத்துக்காகவும் கொண்டாடினார்கள், கண்டித்தார்கள். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் மனத்தில் தைத்ததோ வேறொன்று. கடல் கடந்த தேசத்தில் பிழைத்த ஒருவன், தாய்நாட்டு மண்ணில் காலை வைத்தவுடனேயே வஞ்சிக்கப்பட்டு, கைப்பொருளை இழந்து, தெருவில் நிற்கிறான் என்ற அந்தத் தொடக்கம்தான் அது. 1948-இல் பிரஜாவுரிமையை இழந்து, 1964 அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு அனுப்பப்பட வேண்டியவர்களாகக் கணக்கிடப்பட்ட பின்னர், பெட்டி கட்டிக்கொண்டு தலைமன்னார்த் துறைக்குப் புறப்பட்ட குடும்பங்களில் அந்தக் காட்சியை நினைத்துக்கொண்டவர்கள் பலர். படம் எடுத்தவர்கள் கருதாத பொருளை அவர்கள் அதில் கண்டார்கள். அது தவறான பொருளன்று என்பதே என் எண்ணம். 'பாசமல'ரில் அண்ணனும் தங்கையும் படும் துன்பத்தைச் சற்று மிகையானதென்று இன்றைய ரசிகர் கருதலாம். நானும் தனியே பார்க்கும்போது அவ்விதமே கருதுகிறேன். ஆனால் ஒரே வயிற்றில் பிறந்தவர்களில் ஒருவருக்கு இந்தியக் கடவுச்சீட்டும் மற்றவருக்கு இலங்கைப் பிரஜாவுரிமையும் கிடைத்த லயங்களில் அந்தப் படத்துக்குச் சிந்திய கண்ணீரில் மிகையென்று ஒரு துளியும் இருந்ததில்லை.

எம்.ஜி.ஆர். கண்டியிலே பிறந்தவர் என்ற உரிமை பாராட்டி, தோட்டத்து வாலிபர்கள் அவரைத் தங்களவராகவே கொண்டிருந்தார்கள். அப்படியிருந்தும் அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு புகழ்ந்தவர்களல்லர். 'படகோட்டி'யில் இரண்டு மீனவக் கூட்டங்களைப் பகைக்க வைத்து நடுவில் இலாபம் அடையும் பண்ணையாரைக் கண்டதும், தொழிற்சங்கத்தோடு தொழிற்சங்கத்தை மோத விட்டு வேடிக்கை பார்த்த, தொழிலாளரை மேற்பார்த்த கங்காணிமாரின் ஞாபகம் வந்ததாகச் சொல்லுவார்கள். அந்த மட்டில் படத்துக்கு முழு மதிப்பு உண்டு. முடிவிலே மட்டும் அவர்களுக்குச் சம்மதமில்லை. வேலைநிறுத்தத்தில் பட்டினி கிடந்து பழகியவர்களுக்கு, ஒரு கதாநாயகனுடைய முஷ்டி பலத்தால் ஒரு கூட்டத்தின் கஷ்டம் தீர்ந்துவிடும் என்பது ஏற்கத்தக்கதாயில்லை. "அவரு ஒத்தையா அடிச்சா, மத்தவுக எல்லாம் எதுக்குப்பா அங்க நிக்கிறாக?" என்று கேட்கும் தலைவர்மார் இருந்தார்கள். அந்தக் கேள்விக்கு அந்தக் காலத்துத் தமிழ்ப்படம் எதிலும் விடை இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

தேயிலையைப் படம் பிடித்தவர்களைப் பற்றிச் சொல்லுமிடத்தில் என் மனம் அதிகமாக நிற்கிறது. 1934-இல் பேஸில் ரைட் எடுத்த 'சாங் ஆஃப் சிலோன்' என்ற படம், உலகத்து மேலான ஆவணப் படங்களில் ஒன்றாக இன்றும் போற்றப்படுவது. இலங்கைத் தேயிலைப் பிரசார சபையின் பணத்தில் எடுக்கப்பட்ட அந்தப் படத்துக்கு, 17-ஆம் நூற்றாண்டில் கண்டி இராஜ்யத்தில் சிறைப்பட்டிருந்த ராபர்ட் நாக்ஸ் எழுதிய புஸ்தகத்தின் வாசகங்களை லயனல் வென்ட் படித்துக் குரல் கொடுத்தார். புத்த விகாரையும் நடனமும் கடற்கரையும் அதில் கண்ணைக் கவருகின்றன. வியாபாரத்தின் குரல்களைப் பல திசைகளிலிருந்து கலந்து கேட்கச் செய்த ஒலியமைப்பு இன்றைக்கும் புதுமையாக இருக்கிறது. அதை ஒரு கலைப்படைப்பாக நான் மனமார மெச்சுகிறேன். அப்படி மெச்சும்போதே, தேயிலையை விற்பதற்காக எடுத்த படத்தில் தேயிலை பறித்தவர்களின் பாஷைக்கும் வாழ்வுக்கும் கிடைத்த இடம் இவ்வளவுதானா என்ற வருத்தம் என்னை விட்டு நீங்குவதில்லை. இருபது வருஷம் கழித்து 1954-இல் ஹாலிவுட் அனுப்பிய 'எலிஃபண்ட் வாக்'கைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. நாயகியாக இங்கே வந்து நடித்த விவியன் லீ நோயுற்றபடியால் எலிசபெத் டெய்லர் அவ்விடத்தை ஏற்றார் என்பதே அந்தப் படத்தைப் பற்றிப் பலருக்குத் தெரிந்த விஷயம். அதில் தோட்டத் துரையின் பங்களாவை யானைகள் இடிப்பது பெருந்துயரமாகக் காட்டப்படுகிறது; வாந்திபேதியால் மடியும் தொழிலாளரோ பின்னணியில் ஒரு கூட்டம், அவ்வளவே.

தென்னிந்தியப் படங்களும் இந்த விஷயத்தில் நிரபராதிகளல்ல. பச்சைப் பசேலென்ற தேயிலை மலையில் நாயகியும் நாயகனும் ஓடி ஆடும் பாட்டுகளைக் கண்டு, கொழுந்து பறிக்கும் பெண்கள் சொல்லும் குறைகள் தொழில் தெரிந்தவர்களின் குறைகள். செடி நெருங்கிய நிரைக்குள் அவ்வாறு ஓடினால் சேலை கிழிந்து காலும் கீறும். கவ்வாத்து வெட்டிய மலையென்றால் சொல்லவே வேண்டாம். நாயகி கூடையை முதுகில் மாட்டிய விதத்திலேயே, கயிற்றின் பாரம் தலையில் விழவில்லை, கூடை காலி என்று அறிந்துவிடுவார்கள். இடுப்பில் சாக்குப் படங்கு இல்லை, காலில் ஓர் அட்டைக் கடி இல்லை. சினிமாவில் இவ்வளவு நிஜம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு என் விடை ஒன்றே: நாயகன் வீணை வாசிக்கும் காட்சியில் விரல் தவறினால் சங்கீத வித்துவான்கள் குறை கூறுவதை நாம் மரியாதையோடு கேட்கிறோம், உழைப்பின் வித்தை தெரிந்தவர்களுக்கும் அந்த மரியாதை உரியது.

இலங்கையிலேயே தமிழ்ப்படம் எடுக்கும் முயற்சிகள் 1962-இல் 16 மில்லிமீட்டர்ப் படமாக வந்த 'சமுதாய'த்தோடு தொடங்கின. அடுத்த வருஷமே 'தோட்டக்காரி' வெளிவந்தது. ஆனால் தோட்டத்து ரசிகர்கள் தமக்குரியதென்று நெஞ்சிலே வைத்துக்கொண்ட படம், தொழிற்சங்கத் தலைவராகிய வி.பி. கணேசன் தயாரித்துத் தாமே நடித்து 1975-இல் வெளியிட்ட 'புதிய காற்று'. அதற்கு வசனம் எழுதுவதில் பங்குகொண்ட தெளிவத்தை ஜோசப், பதுளைக்கு அருகே ஊவாக் கட்டவளைத் தோட்டத்தில் பிறந்து, தாம் ஆசிரியராயிருந்த தோட்டத்தின் பெயரையே தமது பெயரோடு சேர்த்துக்கொண்ட எழுத்தாளர். 1973, 74-ஆம் வருஷங்களில் உணவுப் பஞ்சத்தால் தோட்டங்களில் மரணங்கள் நேர்ந்து, அந்தக் காயம் ஆறுமுன்னர் வந்த படம் அது. சண்டையும் பாட்டும் சென்னைப் படங்களின் வழக்கத்தையே பின்பற்றியிருக்கின்றன. கலை நோக்கில் அது முதிர்ந்த படமென்று நான் சொல்ல மாட்டேன். எனினும் லயமும் பிரட்டும் ஒரு கதையின் நடு இடமாக வெண்திரையில் நின்றதைத் தங்கள் ஆயுளில் முதன்முறையாகக் கண்ட ஜனங்கள் கைதட்டியதை, நடிப்பின் குறை சொல்லி யாரும் குறைத்து மதிப்பிட முடியாது.

1972-இல் அரசாங்கத் திரைப்படக் கூட்டுத்தாபனம் படங்களின் இறக்குமதியைத் தன் கையில் எடுத்துக்கொண்ட பிறகு தமிழ்ப்படங்களின் வரவு சுருங்கிற்று. 1983 ஜூலை 27-ஆம் தேதி தமிழருக்கு எதிரான கலவரம் பதுளையில் மூண்டு, ஹாலி எல, பண்டாரவளை என்று பரவியது; அதே கலவரத்தில் கொழும்புக்கு வடக்கே ஹெந்தளையிலிருந்த விஜயா ஸ்டூடியோ தீக்கிரையானபோது பல படங்களின் மூலச் சுருள்களும் சாம்பலாயின. அதற்குப் பின் இரவுக் காட்சிக்கு நகரத்துக்கு நடந்து போகும் துணிவு வெகுநாள் ஒருவருக்கும் வரவில்லை. வாடகைக்கு எடுத்த வீடியோ டெக்கும் தொலைக்காட்சிப் பெட்டியும், திருவிழா இராத்திரிகளில் கோயில் முற்றத்தில் வந்து அமர்ந்தன. முன்பு கூத்து நடந்த களத்திலேயே விடியும் மட்டும் மூன்று படங்கள் ஓடின.

ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15-ஆம் தேதி ஒளிபரப்பைத் தொடங்கிற்று. ஜப்பானின் உதவியால் எழுந்த அந்த ஸ்தாபனம், பின்னர் ஜப்பானியத் தொடராகிய 'ஒஷி'னைச் சிங்கள மொழியில் அளித்தபோது, தமிழ்த் தோட்டங்களில் அதற்கு உண்டான வரவேற்பை நான் ஆச்சரியம் என்று சொல்ல மாட்டேன். ஏழு வயதுச் சிறுமியை, வீட்டின் வறுமை காரணமாக, அரிசிக்காக வேறொரு வீட்டில் பிள்ளை பார்க்கும் வேலைக்கு அனுப்புகிறார்கள். பனியிலே அவள் படகேறிப் போகும் காட்சியைப் பார்த்த தாய்மாரில், கொழும்பு வீடுகளுக்குத் தங்கள் பெண்களை வேலைக்கு அனுப்பியவர்கள் இருந்தார்கள். பாஷை அரைகுறையாகத்தான் விளங்கிற்று; விளங்க வேண்டியது முழுவதும் விளங்கிற்று. தொலைக்காட்சித் தொடர்களுள் என் மனத்துக்கு ஒப்பற்றது எது என்று கேட்டால், நான் தயங்காமல் 'ஒஷின்' என்றே சொல்லுவேன். வறுமையை அது காட்டியதே ஒழிய, வறுமையை வைத்து யாரையும் அழச் சொல்லி வற்புறுத்தவில்லை.

1998-இல் சக்தி தொலைக்காட்சி வந்ததும், லயத்துக் கூரைகளில் வட்டத் தட்டுகள் முளைத்ததும், சென்னைத் தொடர்களின் இராஜ்யம் தொடங்கியது. 'சித்தி'யில் ராதிகாவின் மிடுக்கும், ஐந்து பெண்களைப் பெற்ற தகப்பனுடைய கவலையை நிதானமாகச் சொன்ன 'மெட்டி ஒலி'யின் நேர்மையும் பாராட்டத்தக்கவை. ஆனால் வருஷக்கணக்காக நீண்ட 'கோலங்கள்' முதலியவற்றில், தேவயானி ஏற்ற அபி என்ற உழைக்கும் பெண்ணின் கதை நன்றாகவே தொடங்கி, பழிவாங்கலின் சுழலில் அகப்பட்டு மெலிந்தது என்பது என் அபிப்பிராயம். எங்கள் பெண்கள் வேறொன்றைக் கவனித்தார்கள்: பெரும்பாலான தொடர்களின் வீடுகளில் பெண்கள் பட்டுச் சேலையோடு கூடத்தில் நிற்கிறார்கள், ஒருவரும் விடியலில் எழுந்து வேலைக்குப் போவதில்லை. கொழுந்தின் நிறை குறைந்தால் அரைநாட் கூலியாகிய அரைப் பேர் விழும் என்ற அச்சத்தோடு மலையேறுகிறவர்கள், சூழ்ச்சி செய்ய இத்தனை நேரம் கிடைக்கும் மாமியாரை நம்புவது கடினம்.

2013-இல் பாலாவின் 'பரதேசி' வந்தது. பி.எச். டேனியலின் நாவலைத் தழுவி, தென்னிந்தியத் தேயிலைக் காட்டைப் பற்றிச் சொன்ன படமாயினும், கிராமத்திலிருந்து கால்நடையாய் ஜனங்களை அழைத்துச் செல்லும் கங்காணியையும், எத்தனை வருஷம் உழைத்தாலும் தீராத கணக்கையும் கண்ட எங்கள் முதியவர்கள், தங்கள் பாட்டன் வாயால் கேட்டவற்றை மீண்டும் கேட்டார்கள். முதற்பாதியின் கிராம வாழ்வையும் முடிவின் கொடுமையையும் நான் உயர்வாக மதிக்கிறேன். மருத்துவராக வருபவரை ஆட்டமும் பாட்டமுமாக ஏளனத்துக்கு உரியவராக்கியதை மட்டும், தோட்டத்து மருத்துவராயிருந்து அந்த நாவலை எழுதிய டேனியலுக்குச் செய்த அநீதியாகவே கருதுகிறேன்.

பிரசன்ன விதானகேயின் 'பாரடைஸ்' 2023-இல் முதன்முதல் திரையிடப்பட்டு, மறு வருஷம் வெளியாயிற்று. பொருளாதாரம் குலைந்த 2022-ஆம் வருஷத்து இலங்கை மலைநாட்டுக்கு இராமாயணத் தலங்களைப் பார்க்க வரும் ஓர் இந்தியத் தம்பதியின் பொருள்கள் திருட்டுப் போகின்றன. போலீசார் தோட்டத்துத் தமிழ் வாலிபர்களைப் பிடித்து வந்து அடிக்கிறார்கள். மலையாளமும் சிங்களமும் தமிழும் ஆங்கிலமும் கலந்த அந்தப் படம், அண்மைக் காலத்தில் நான் கண்டவற்றுள் மிகச் சிறந்தவற்றில் ஒன்று. இராவணன் குகையைக் காட்டச் சொல்லிக் கேட்டுக்கொண்டு எல்லவுக்குப் போகிறவர்களைப் பண்டாரவளைத் தெருவில் நாம் பார்த்திருக்கிறோம். அவர்களுடைய கண்ணுக்கு அந்த மலையின் ஜனங்கள் எப்படித் தென்படுகிறார்கள் என்பதை இயக்குநர் தயவு தாட்சணியமின்றிக் காட்டுகிறார். அதைப் பார்த்த இங்குள்ள இளைஞர் ஒருவர், "படம் நல்ல படம் அண்ணே, ஆனா அடி வாங்கின பையனோட காம்பராவுக்குள்ள கேமரா போய் ஒரு சாப்பாட்டு நேரம் இருந்திருக்கலாம்" என்றார். விதானகே சொல்ல எடுத்துக்கொண்டது வேறு கதையென்று நான் அவருக்கு விடை சொல்லலாம், சொல்லவில்லை. அந்தக் காம்பராவின் கதையைப் படமாக்கும் கடமை விதானகேக்கு உரியதன்று. அது கேட்டவருக்கும் எனக்குமே உரியது.