கீழே நின்று படித்த ஹெலி

ஸ்கந்தபுரத்தில் எங்கட சனத்துக்கு ஹெலியைப் பற்றி ஒருவரும் வகுப்பெடுக்கவில்லை. 1996இல் கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்து அக்கராயன், ஸ்கந்தபுரம் பக்கம் வந்தவர்கள் சத்தத்தை வைச்சே படிச்சார்கள். கிபிர் தலைக்கு மேல வந்தபிறகுதான் தெரியும். ஹெலி அப்படியில்லை, தூரத்திலேயே தட்டத் தொடங்கிவிடும். பங்கருக்குள் இறங்க அது போதுமா என்பது வேறு கதை. எம்.ஐ.-24 அப்போது விமானப்படையிடம் வந்துவிட்டது.

அதே காலத்தில் வேறு நாடுகளில் 17 வயதுக்காரர் ஹெலி ஓட்டப் பழகினார்கள். சர்வதேச விதிப்படி தனியார் உரிமத்துக்கு குறைந்தது 40 மணித்தியாலப் பறப்பு வேண்டும், அங்கீகரித்த பாடநெறி என்றால் 35. அதில் 10 மணித்தியாலம் தனியாக. எஞ்சின் நின்றால் இறங்குவதும் பாடம்: சுழலிகளின் கோணத்தை உடனே குறைத்தால், கீழிருந்து வரும் காற்றே அவற்றைச் சுற்றவைக்கும். நிலம் நெருங்கியதும் கோணத்தைக் கூட்டி மெதுவாக இறக்கலாம். ஹெலி கல்லுப்போல விழும் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்!

பெற்றோலுக்கும் பற்றரிக்கும் தடையிருந்த வன்னியில் இதெல்லாம் கனவிலும் இல்லை. 2007 மார்ச்சில் கட்டுநாயக்காவைத் தாக்கிய புலிகளின் சிறு விமானங்களும் போருக்குத்தான் பறந்தன. சும்மா பறக்க எங்கட வானத்தில் இடமிருக்கவில்லை.

இப்ப தடை காசுதான், ஹெலிப் பயிற்சிக்கு மணித்தியாலக் கணக்கில் கட்டவேண்டும். ஆசையுள்ளவர்கள் முதலில் மருத்துவப் பரிசோதனையை முடியுங்கோ. காசு கட்டினபிறகு கண்பார்வையில் மறித்தால் கரைச்சல்.