காளிபோரே கணக்கு நோட்டு

பெங்களூரில் குடியேறிய நம் குடும்பங்களில் சங்கமா, மேகேதாட்டு பார்க்காதவர்கள் குறைவு. ஊரிலிருந்து மாமனார் மாமியார் வந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கேதான். புளியோதரை, தயிர்சாதம், பழைய பெட்ஷீட். அர்க்காவதி வந்து காவேரியில் சேரும் இடத்தில் முழங்கால் தண்ணீரில் நின்று, "இதுதாண்டா நம்ம ஊருக்கு வர்ற தண்ணி" என்று பிள்ளைகளுக்குக் காட்டுவோம். காவேரி என்றால் நமக்கு டிஎம்சி கணக்கு, 1991 டிசம்பர், 2016 செப்டம்பர். அந்த நாட்களில் இந்த ஊரில் இருந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இன்றைக்கு அந்தக் கதை வேண்டாம். அதே தண்ணீருக்குள் இருந்த ஒரு மீனையும், அதைக் காவல் காத்த தூண்டில்காரர்களையும் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன்.

மீனின் பெயர் மஹசீர். கெண்டை வகையைச் சேர்ந்தது. பழைய மீன் நூல்களில் தமிழுக்குப் பூமீன் கெண்டை என்று போட்டிருப்பார்கள். சாதாரணக் கெண்டை என்று நினைத்துவிட வேண்டாம். மைசூரில் புலித்தோல் பாடம் பண்ணும் தொழில் நடத்திய வான் இங்கன் குடும்பத்தில் ஒருவர் 1946ல் கபினியில் தூண்டில் போட்டுப் பிடித்த மஹசீர் 120 பவுண்டு. அதாவது 54 கிலோ. நம் வீட்டுப் பெரியவர்கள் சிலரை விட அதிகம்! காவேரியில் மட்டும் இருந்த இந்த ராட்சத வகைக்கு முதுகில் ஒரு திமில் உண்டு.

இந்த மீனுக்கு ஆங்கிலேயர்களிடையே புகழ் தேடித் தந்தவர் ஹென்றி சல்லிவன் தாமஸ், மதராஸ் சிவில் சர்வீஸ் அதிகாரி. 1873ல் 'தி ராட் இன் இந்தியா' என்ற புத்தகம் எழுதினார். மீன் பிடிப்பது எப்படி என்பதோடு, மீன் எப்படி அழிகிறது என்பதும் அவருக்குக் கவலை. பொடிக்கண் வலை, அணையோரம் அடைப்பு, விஷம். அதே 1873ல் பிரான்சிஸ் டே என்ற மீனியல் அறிஞரும் அரசுக்கு இதே பாட்டைப் பாடி அறிக்கை கொடுத்தார். கடைசியில் 1897ல் இந்திய மீன்வளச் சட்டம் வந்தது. தண்ணீரில் வெடி போட்டாலோ விஷம் கலந்தாலோ இரண்டு மாதம் வரை சிறை, அல்லது 200 ரூபாய் வரை அபராதம். அந்தக் காலத்து 200 ரூபாய் பெரிய தொகை. பிறகு அதே எண்ணைப் பார்த்து வெடிவைப்பவன் சிரித்திருப்பான். சட்டம் டெல்லியில் இருக்கும், ஆறு காட்டுக்குள் இருக்கும். நடுவில் யார் நிற்பது?

இதற்கு நம் பக்கத்தில் ஒரு முன்மாதிரி இருந்தது. 1877ல் நீலகிரியில் வேட்டைக்காரர்களே கூடி வேட்டை விலங்குகளையும் மீன்களையும் காக்க ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். 1879ல் அதற்கென்றே தனிச் சட்டம் வந்தது. லைசென்ஸ் வாங்கு, இந்த மாதத்தில் சுடாதே, இத்தனைக்கு மேல் கூடாது. நாளைக்கும் வேட்டை வேண்டும் என்பதுதான் அவர்களுடைய நியாயம். தரும சிந்தனை ஒன்றும் பெரிதாக இல்லை. ஆனால் தன் நலனுக்காகக் காவல் நிற்பவன் தூங்க மாட்டான், இதையும் சொல்லத்தான் வேண்டும்.

காவேரிக்கு வருவோம். கிருஷ்ணராஜ சாகர், மேட்டூர் இரண்டும் 1930களில் எழுந்து ஆற்றைத் துண்டு போட்டன. சுதந்திரத்துக்குப் பிறகு தோட்டா சுலபமாகக் கிடைத்தது. திரியைக் கொளுத்தி மடுவில் எறிந்தால் ஐந்து நிமிடத்தில் மூட்டை மூட்டையாக மீன். பெரியதும் சாகும், குஞ்சும் சாகும், பாதி அடியிலேயே தங்கி அழுகும். மஹசீர் கதை முடிந்தது என்றே வெளியில் பலர் நினைத்தார்கள். 1977, 78ல் இங்கிலாந்திலிருந்து மூன்று இளைஞர்கள் தேடி வந்து, இன்னும் பெரிய மீன் இருக்கிறது என்று உலகத்துக்குச் சொன்னார்கள்.

அதற்கு முன்பே, 1972ல், பெங்களூரில் தென்னிந்திய வனவிலங்குச் சங்கம் ஆரம்பமாகியிருந்தது. தூண்டில் பிடிப்பவர்கள்தான் பெரும்பாலும். கர்நாடக மீன்வளத் துறையிடமிருந்து ஆற்றின் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்தார்கள். குத்தகை என்றால் நம் ஊர் ஏரி மீன் குத்தகை மாதிரி மொத்தமாக வழித்து விற்பதற்கு இல்லை. பிடித்த மீனை உயிரோடு திரும்ப விட வேண்டும், அதுதான் முதல் விதி. பின்னால் மாநில அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் நிறுவனமும் பீமேஸ்வரி, காளிபோரே, தொட்டமகளி என்று ஆற்றங்கரையில் முகாம்கள் நடத்தியது. காளிபோரே என்பது சங்கமாவிலிருந்து மேலே, நம் புளியோதரைப் பாறைக்கு ரொம்பத் தூரமில்லை.

வழிகாட்டி வேலைக்கு அவர்கள் எடுத்த ஆட்களில் பலர் முன்னாள் மீன் திருடர்கள். எந்த மடுவில் மீன் நிற்கும், இரவில் எந்த வழியாக வெடிக்காரன் வருவான், வலையை எந்த வேரில் கட்டுவான் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. மாதச் சம்பளம் வந்ததும் அந்த ஞானம் கட்சி மாறியது. இரை என்ன தெரியுமா? ராகி உருண்டை. இந்த ஊர் ஓட்டல்களில் நாம் பயந்து பயந்து விழுங்கும் அதே ராகி களியை எலுமிச்சை அளவுக்கு உருட்டித் தூண்டிலில் குத்திப் போடுவார்கள். பரிசலில் போய், பாறை மேல் உட்கார்ந்து, மணிக்கணக்கில் காத்திருப்பு. காலையிலும் மாலையிலும் கரை முழுக்க ஆள் இருந்தால் வெடிக்காரன் எப்படி வருவான்? முகாம்களுக்குக் காவல் ஆட்களும் உண்டு. ஆனால் உண்மையான காவல், அங்கே எப்போதும் யாராவது உட்கார்ந்திருந்தார்கள் என்பதுதான்.

என் அலுவலகத்தில் ஒரு சீனியர் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர். கோட் ரிவ்யூவில் எப்படியோ தூண்டில் விஷயத்திலும் அப்படி. மீனைத் தண்ணீருக்கு வெளியே நீட்டி வைத்துப் போட்டோ எடுத்தவரோடு அவர் பேசுவதை நிறுத்திவிட்டார் என்று கேள்விப்பட்டபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. பிறகு புரிந்தது, அந்த வட்டத்தில் போலீஸ் கேஸை விடப் பெரிய தண்டனை அதுதான். அடுத்த தடவை ஆற்றுக்குப் போகும்போது அவரைக் கூப்பிட மாட்டார்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. குத்தகை எடுத்தவன் பிடித்தால் விளையாட்டு, கரையில் பிறந்தவன் பிடித்தால் திருட்டு. தலைமுறையாக அந்த ஆற்றில் குழம்புக்கு மீன் பிடித்தவன் எப்போது திருடன் ஆனான் என்று யாரும் அவனிடம் கேட்கவில்லை. வேலை கிடைத்தவர்களுக்குச் சரி, கிடைக்காதவர்களுக்கு? இது எனக்கு இன்றும் உறுத்துகிறது. இதே காவேரியில் ஹாசன் மாவட்டம் ராமநாதபுரத்தில் கோயில் படித்துறையில் மஹசீர் கூட்டமாக வரும், பக்தர்கள் பொரி போடுவார்கள், யாரும் தொட மாட்டார்கள். துங்கையில் சிருங்கேரியிலும் அப்படியே. அங்கே சாமி சொத்து என்றதும் ஏழை பணக்காரன் எல்லாருக்கும் ஒரே விதி. தூண்டில் முகாமில் அந்தச் சமத்துவம் இல்லை.

முகாம்களில் இன்னொரு பழக்கம் இருந்தது. யார் எத்தனை மணி நேரம் தூண்டில் போட்டார்கள், என்ன பிடித்தார்கள், எந்த வகை, எத்தனை பவுண்டு என்று நோட்டில் எழுதி வைப்பார்கள். பெருமைக்காக எழுதியதாகத்தான் இருக்கும். ஆனால் 1998 முதல் 2012 வரை காளிபோரேயில் சேர்ந்த கணக்கை ஏட்ரியன் பிண்டர், கொச்சியைச் சேர்ந்த ராஜீவ் ராகவன், ராபர்ட் பிரிட்டன் மூவரும் எடுத்து ஆராய்ந்து 2015ல் வெளியிட்டார்கள். மொத்தம் 23,620 மணி நேரத் தூண்டில், பிடித்துவிட்ட மஹசீர் 6,161. மிகப் பெரியது 104 பவுண்டு.

ஒரு மணி நேரத்துக்கு எத்தனை மீன் என்ற கணக்கு வருடா வருடம் ஏறியிருந்தது. காவல் பலித்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? கொஞ்சம் பொறுங்கள். வகை பிரித்துப் பார்த்தபோது, ஏறியது நீலத் துடுப்பு மஹசீர். அது காவேரி மீனே இல்லை. கிருஷ்ணா நதிப் படுகையைச் சேர்ந்தது. லோனாவாலாவில் டாடா மின் நிறுவனம் மஹசீர் குஞ்சு பொரிப்பகம் நடத்தியது. அங்கிருந்து வந்த குஞ்சுகளை மஹசீரைக் காப்பாற்றுகிறோம் என்று நல்ல எண்ணத்தில் காவேரியில் விட்டார்கள். அது பெருகியது. திமில் மஹசீரோ வருடா வருடம் குறைந்தது. மாட்டிய சிலவும் பெரிய பெரிய மீன்கள். குட்டிகளே இல்லை. நம் கிராமங்களில் பெரியவர்கள் மட்டும் திண்ணையில் இருக்க, பள்ளிக்கூடத்தை மூடிவிடுகிறார்களே, அந்த நிலைமை.

இந்த உண்மையைக் கண்டுபிடிக்க வேறு எந்தத் தரவும் இல்லை என்பதுதான் எனக்கு வியப்பு. மீன்வளத் துறையிடமோ வனத்துறையிடமோ இப்படி ஒரு நீண்ட கணக்கு இருந்ததில்லை. குஞ்சு விட்ட தவறைக் காட்டிக் கொடுத்ததும் தூண்டில்காரர்கள் எழுதிய நோட்டுதான். பிடித்ததைக் கூட்டிச் சொல்லாமல், வகை மாற்றாமல், நேர்மையாக எழுதியிருந்ததால்தான் இது வெளியே வந்தது. விதியை மதிப்பது என்றால் மீனைத் திரும்ப விடுவது மட்டும் என்று நினைத்திருந்தேன். இந்த ஒன்றரை வரிக் குறிப்பும் அதில் சேர்த்தி.

கணக்கு ஏன் 2012ல் நிற்கிறது? காவேரி வனவிலங்கு சரணாலயம் 1987ல் அறிவிக்கப்பட்டது. முகாம்கள் அதற்குள்தான். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் விலங்கு என்ற சொல்லுக்குள் மீனையும் சேர்த்தது 2002 திருத்தம். பிடிப்பது என்றாலே சட்டப்படி வேட்டை. பிடித்து விட்டுவிட்டேன் என்று சொல்ல முடியாது. சரணாலயத்தில் வேட்டை கூடாது. தூண்டில் நின்றது. வழிகாட்டிகளுக்கு வேலை போனது. கரையில் காலை மாலை உட்கார்ந்திருந்த கூட்டம் கலைந்தது. 2013ல் பிண்டரும் ராகவனும் 'கரண்ட் சயின்ஸ்' இதழில், மஹசீரைக் காப்பதில் தூண்டில்காரர்களுக்கு நல்ல பங்கு உண்டு என்று எழுதினார்கள். சட்டத்தை எழுதியவர்களையும் நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு சரணாலயத்தில் பணம் கட்டியவனுக்கு ஒரு விதிவிலக்கு என்றால், அடுத்த விதிவிலக்கு மான் வேட்டைக்கு வரும். ஆனால் அந்தக் கூட்டத்தை அனுப்பிவிட்டு அதன் இடத்தில் யாரை உட்கார வைப்பது என்பதையும் சேர்த்து யோசித்திருக்கலாம்.

கூத்து என்னவென்றால், இந்தத் திமில் மஹசீருக்கு அதுவரை சரியான அறிவியல் பெயரே இல்லை. வேறொரு மீனின் பெயரைத் தவறாகச் சூட்டி வைத்திருந்தார்கள். உலகம் முழுக்கத் தூண்டில்காரர்கள் போட்டோ மாட்டிய மீன், ஆவணத்தில் அனாதை. 2018ல்தான், கேரளத்துப் பாம்பாற்றில் கிடைத்த சிறு மீன்களை வைத்து 2010ல் விவரித்த டோர் ரேமாதேவி என்ற இனமும் இதுவும் ஒன்றே என்று உறுதி செய்தார்கள். இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் மீனியல் அறிஞர் ரேமாதேவி அவர்களின் பெயர் அது. பாம்பாறு மூணாறு பக்கத்து மலையிலிருந்து இறங்கி நம் அமராவதியில் சேர்வது. அதனால் அதுவும் காவேரி வீட்டுப் பிள்ளைதான். அதே வருடம் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை மிகவும் ஆபத்தான நிலையில் உள்ள இனமாகப் பட்டியலிட்டது.

பெயரை உறுதி செய்ய மாதிரி மீன்கள் கிடைத்தது காளிபோரேயில் இல்லை, மோயாற்றில். முதுமலைக்கும் பந்திப்பூருக்கும் நடுவே ஓடிப் பவானிசாகரில் விழுகிறதே, அந்த மோயாறு. இரண்டு பக்கமும் புலிகள் காப்பகம். அங்கே ராகி உருண்டையும் நோட்டுமாக யாரும் போய் உட்கார முடியாது. எத்தனை மீன் மிச்சம், அதில் குட்டிகள் எத்தனை என்று யாராவது எண்ண வேண்டும் என்றால், வனத்துறை அனுமதிச் சீட்டோடு ஆராய்ச்சியாளர்கள்தான் போக வேண்டும்.