போர்ட் கிள்ளான்

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், மலாக்கா நீரிணைக் கரையில் உள்ள துறைமுக நகர். 1901-இல் திறக்கப்பட்டபோது பிரிட்டிஷ் ஆட்சியாளர் ஒருவரின் பெயரால் போர்ட் சுவெட்டன்ஹாம் எனப்பட்டது. 1972-இல்தான் இன்றைய பெயர். திறந்த சில மாதங்களிலேயே மலேரியா தொழிலாளர்களை வாரிக்கொண்டு போயிற்று. டாக்டர் மால்கம் வாட்சனின் யோசனைப்படி காட்டை அழித்துச் சதுப்பில் வடிகால் வெட்டிய பிறகே நோய் அடங்கியது. நாகப்பட்டினத்தில் கப்பலேறிய தோட்டத் தமிழர் பலர் இறங்கிய கரை இது. அப்படிப் பயணிகளை ஏற்றிவந்த 'ரஜுலா' கப்பலும் இங்கு வந்து நின்றதுதான். துறைமுகத்தில் சுற்றுலாப் பயணிக்குப் பார்க்க அதிகமில்லை. படகேறிக் கெத்தாம் தீவுக்குப் போக வேண்டும்: சேற்றில் ஊன்றிய கால்கள்மேல் மரவீடுகள், ஒடுங்கிய பாதைகளில் சைக்கிள்கள், சீன உணவகங்களில் சுடச்சுட நண்டு. கோலாலம்பூரிலிருந்து வரும் கொமுட்டர் ரயிலின் கடைசி நிலையத்துக்குப் பக்கத்திலேயே படகுத்துறை இருக்கிறது.