முதல் துப்பறியும் நாவலின் விலை

1886இல் உலகின் இரு கோடிகளில் இரண்டு இளைஞர்கள் ஆளுக்கொரு துப்பறியும் நாவலைக் கையில் வைத்துக்கொண்டு பதிப்பாளர் தேடினார்கள். ஒருவர் மெல்போர்னில் வழக்கறிஞரிடம் குமாஸ்தாவாக இருந்த ஃபெர்கஸ் ஹியூம். மற்றவர் தென் இங்கிலாந்தின் சவுத்ஸீயில் நோயாளிகளுக்காகக் காத்திருந்த மருத்துவர் ஆர்தர் கானன் டாயில். ஒருவரை ஒருவர் அறியாத இந்த இருவருக்கும் நூல் வெளிவந்தது. அதன் உரிமை இருவரிடமும் தங்கவில்லை.

ஹியூமின் ஆசை நாடகத்தின் மேல்தான் இருந்தது. நாவல் ஒன்று வெளிவந்தால் நாடகக் கம்பெனிக்காரர்கள் தம்மைத் திரும்பிப் பார்ப்பார்கள் என்று எண்ணினார். எந்த நூல் நன்றாக விற்கிறது என்று மெல்போர்ன் புத்தகக் கடைக்காரர் ஒருவரைக் கேட்டார். பிரெஞ்சு எழுத்தாளர் எமில் கபோரியோவின் துப்பறியும் கதைகள் என்று பதில் வந்தது. அவற்றை வாங்கிப் படித்து, அதே வகையில் ‘தி மிஸ்டரி ஆஃப் எ ஹான்சம் கேப்’ நாவலை எழுதினார். காலனியில் வாழும் ஒருவரால் படிக்கத்தக்க எதையும் எழுத முடியாது என்று சொல்லி உள்ளூர்ப் பதிப்பாளர்கள் கையெழுத்துப்படியைப் பார்க்கக்கூட மறுத்தார்கள் என்று அவரே பின்னாளில் எழுதினார். சொந்தச் செலவில் 5,000 பிரதிகள் அச்சிட்டார். சில வாரங்களில் அவை விற்றுத் தீர்ந்தன. அடுத்து அவர் செய்த காரியம்தான் வருத்தத்துக்குரியது: நூலின் உரிமையை 50 பவுண்டுக்கு விற்றுவிட்டார். வாங்கியவர்கள் லண்டனில் அதை லட்சக்கணக்கில் விற்றார்கள்.

டாயிலின் கையெழுத்துப்படி பல கைகள் மாறியது. ‘கார்ன்ஹில்’ இதழின் ஆசிரியர் ஜேம்ஸ் பெய்ன் அதைப் பாராட்டினார். ஆனால் இதழின் ஒரே வெளியீட்டில் போட அது மிக நீளம் என்று மறுத்தார். பிரிஸ்டலின் ஆரோஸ்மித் நிறுவனம் படிக்காமலேயே திருப்பி அனுப்பியது. வார்ன் நிறுவனமும் வேண்டாம் என்றது. மலிவு விலைக் கதைகளுக்குப் பேர்போன வார்டு லாக் நிறுவனத்தில்தான் வாசல் திறந்தது. அங்கே கையெழுத்துப்படிகளைப் பார்த்துவந்த பேராசிரியர் பெட்டனி, கதைகள் எழுதிவந்த தம் மனைவியிடம் அதைக் கொடுத்தார் என்றும், அவர் சொன்ன நல்ல வார்த்தையே முடிவுக்குக் காரணம் என்றும் சொல்லப்படுகிறது.

1886 அக்டோபர் இறுதியில் கடிதம் வந்தது. சந்தையில் மலிவுக் கதைகள் குவிந்து கிடப்பதால் அந்த ஆண்டு வெளியிட இயலாது. அடுத்த ஆண்டுவரை பொறுத்தால் முழு உரிமைக்கும் 25 பவுண்டு. விற்பனையில் ஒரு பங்கு வேண்டும் என்று டாயில் கேட்டுப் பார்த்தார். நிறுவனம் இணங்கவில்லை. வேறு வழியின்றிக் கையெழுத்திட்டார். 1887 நவம்பரில் ஒரு ஷில்லிங் விலையுள்ள ‘பீட்டன்ஸ் கிறிஸ்துமஸ் ஆனுவல்’ மலரில் ‘எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்’ வெளிவந்தது. ஷெர்லாக் ஹோம்ஸ் உலகுக்கு அறிமுகமானது அந்த மலரில்தான். பண்டிகைக்கு முன்பே பிரதிகள் தீர்ந்துபோயின. மறு ஆண்டு டாயிலின் தந்தை வரைந்த படங்களுடன் கதை தனி நூலாகவும் வந்தது. அந்த 25 பவுண்டுக்கு மேல் இந்த நாவலால் டாயிலுக்கு ஒரு காசும் வரவில்லை.

அன்றைய பதிப்புத்தொழிலின் நடைமுறையே இதற்குக் காரணம். ஒரு ஷில்லிங் நூல்களில் உரிமையை மொத்தமாக வாங்கிவிடுவது பதிப்பாளருக்குச் சௌகரியமாக இருந்தது. எழுத்தாளர்களின் உரிமையைக் காக்க வால்டர் பெசன்ட் முன்னின்று தொடங்கிய சங்கத்துக்கு அப்போது இரண்டு வயதுதான். எழுத்தாளர் சார்பில் பேரம் பேசும் முகவர்கள் லண்டனில் தோன்றியிருந்தாலும், பெயர் தெரியாத புது எழுத்தாளர் அவர்களை அணுகும் வழக்கம் வேரூன்றவில்லை. டாயிலே பின்னர் ஏ. பி. வாட் என்ற முகவரை வைத்துக்கொண்ட பிறகுதான் ஹோம்ஸ் கதைகளுக்கு நல்ல விலை பெற்றார்.

முப்பது ஆண்டுகள் கழிந்தும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. அகதா கிறிஸ்டியின் அனுபவம் அதற்குச் சான்று. உன்னால் துப்பறியும் கதை எழுத முடியாது என்று அக்காள் மேட்ஜ் விட்ட சவாலும், முதல் உலகப் போரின்போது டார்க்கி ஊர் மருத்துவமனையில் மருந்து கலக்கும் வேலையும் சேர்ந்து அவரை எழுத வைத்தன. அலமாரி நிறைய நச்சு மருந்துப் புட்டிகள் இருந்ததால் கதையின் கொலைக்கு நஞ்சையே தேர்ந்தார். போருக்கு அஞ்சி அந்த ஊரில் தஞ்சம் புகுந்த பெல்ஜியர்களைப் பார்த்தே பொய்ரோ என்ற துப்பறிவாளரைப் படைத்தார். 1916இல் டார்ட்மூர் மேட்டுநிலத்து விடுதி ஒன்றில் தங்கி நாவலை முடித்தார்.

ஹாடர் அண்டு ஸ்டௌட்டன் திருப்பி அனுப்பியது, மெதுவனும் அப்படியே. அடுத்து அனுப்பிய இடம் ஜான் லேன் நடத்திய ‘போட்லி ஹெட்’. அனுப்பியதையே மறந்துவிடும் அளவுக்கு நாள் கடந்து, 1919இல் அங்கிருந்து அழைப்பு வந்தது. லேன் ஒரு திருத்தம் கேட்டார். பொய்ரோ நீதிமன்றச் சாட்சிக் கூண்டில் நின்று மர்மத்தை அவிழ்ப்பதாக இருந்த இறுதிப் பகுதி நம்பும்படியாக இல்லை, மாற்ற வேண்டும். கிறிஸ்டி அந்தக் காட்சியை வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுவந்தார். சம்பந்தப்பட்டவர்களை ஒன்றாக உட்கார வைத்துக் குற்றவாளியைச் சுட்டும் அந்த முறை பின்னால் அவருடைய முத்திரையாகவே ஆயிற்று. பதிப்பாளரின் திருத்தங்கள் எல்லாம் இப்படிப் பலன் தருவதில்லை. இது மிகச் சரியான திருத்தம்.

ஒப்பந்தம் அத்தனை நியாயமானதாக இல்லை. 2,000 பிரதிகள் விற்ற பிறகே பத்து சதவீத ராயல்டி. மேலும் ஐந்து நூல்களை முதலில் அவர்களுக்கே தர வேண்டும். நூல் வரப்போகிற மகிழ்ச்சியில் கிறிஸ்டி நிபந்தனைகளை ஊன்றிப் படிக்கவில்லை. ‘தி மிஸ்டீரியஸ் அஃபேர் அட் ஸ்டைல்ஸ்’ 1920இல் ‘தி டைம்ஸ்’ நாளேட்டின் வாரப் பதிப்பில் தொடராகவும், அதே ஆண்டு அமெரிக்காவில் நூலாகவும், 1921 ஜனவரியில் இங்கிலாந்தில் நூலாகவும் வந்தது. பிரிட்டனில் ஏறக்குறைய 2,000 பிரதிகள் விற்றன. ராயல்டிக்கான எல்லையைத் தாண்டவில்லை. தொடர் உரிமையில் பாதியாக அவருக்குக் கிடைத்தது 25 பவுண்டு, டாயில் பெற்ற அதே தொகை. நாவலில் நஞ்சைக் கையாண்ட துல்லியத்தை மருந்தாளுநர் இதழ் ஒன்று பாராட்டியது அவருக்கு நிறைவளித்தது.

ஒப்பந்தக் கெடு முடியுமுன்பே, எட்மண்ட் கார்க் என்ற முகவரின் உதவியோடு, 1924இல் காலின்ஸ் நிறுவனத்துடன் மூன்று நூல்களுக்கு, நூலுக்கு 200 பவுண்டு முன்பணம் என்று புதிய ஒப்பந்தம் செய்துகொண்டார். 1976இல் இறக்கும்வரை அந்த நிறுவனத்தை விட்டு அவர் விலகவில்லை. லேன் நீக்கச் சொன்ன நீதிமன்றக் காட்சி கிறிஸ்டியின் குறிப்பேட்டிலேயே தங்கிவிட்டது. அந்தக் குறிப்பேடுகளை ஆராய்ந்த ஜான் கரன் 2011இல் அதை அச்சுக்குக் கொண்டுவந்தார்.