மறியலும் நுழைவும்: அறப்போர்ச் சொற்கள் சில

அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தைப் பற்றி எழுதுவோர், மார்ட்டின் லூதர் கிங் 1963 ஏப்ரலில் பர்மிங்ஹாம் சிறையிலிருந்து எழுதிய மடலின் மையக் கருத்தை ‘வன்முறையற்ற நேரடி நடவடிக்கை’ எனப் பெயர்ப்பதுண்டு. சொல்லுக்குச் சொல் பொருந்தினும் பொருள் திரிந்துவிடுகிறது. தமிழில் நடவடிக்கை என்பது பெரும்பாலும் மேலிருப்போர் எடுப்பது. ஊழியர்மீது நிருவாகமும் கூட்டத்தின்மீது காவல்துறையும் எடுப்பது. கிங் குறித்ததோ கீழிருந்து எழுவது. பேச மறுப்பவரைப் பேச்சுக்கு வரவைக்கும் நெருக்கடியை உண்டாக்குவது.

இத்தகைய செயல்களுக்குத் தமிழ் வினையடியிலிருந்தே பெயர் ஆக்கியுள்ளது. 1921இல் ஈரோட்டில் நாகம்மையாரும் கண்ணம்மாளும் பங்கேற்ற கள்ளுக்கடை மறியல் அறிந்ததே. ‘மறி’ என்னும் அடியிற் பிறந்த இச்சொல் இலங்கைத் தமிழில் காவலில் வைத்தலைக் குறிக்கும். ‘விளக்கமறியல்’ அங்கு நீதிமன்ற வழக்கு. மறித்தவரே மறிக்கப்படுவர் என்பதை அறிந்து களம் இறங்கியவர்களுக்கு இவ்விரு பொருளும் ஒருசேரப் பொருந்துவது தற்செயலே ஆயினும் குறிக்கத்தக்கது.

ஆயின் அறப்போர் யாவும் மறியல் ஆகா. 1930இல் பம்பாயில், மாட்டுங்காவை அடுத்த வடாலா உப்பளத்தில் நிகழ்ந்தது வேறு வகை. (சான்பாடாவிலிருந்து கழிமுகத்தைக் கடந்து துறைமுக வழித்தட ரயிலில் வருவோர் அறிந்த வடாலாவே அது.) மே மாதத்தில் தொண்டர்கள் அங்கு மீண்டும் மீண்டும் புகுந்தனர். ஜூன் 1 அன்று தொண்டரும் பொதுமக்களுமாக ஏறத்தாழ 15,000 பேர் திரண்டனர். ஆடவரும் பெண்டிரும் சிறாரும் காவல் வளையத்தைக் கடந்து சேற்றில் இறங்கி உப்பை அள்ளினர். ஆங்கிலத்தில் இது ‘ரெய்டு’ எனப்பட்டது; காங்கிரசாரும் அச்சொல்லையே ஆண்டனர். தமிழ்ப் பேச்சு வழக்கில் ரெய்டு என்பது அதிகாரிகளின் திடீர்ச் சோதனை. மீண்டும் மேலிருந்து வரும் சொல்லே.

இதற்குரிய தமிழ்ச்சொல் நுழைவு. 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாதையர் முன்னின்று மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் நடத்தியது ஆலய நுழைவு. 1927 மார்ச் 20 அன்று மகாட் நகரில் அம்பேத்கர் தலைமையில் ஒடுக்கப்பட்டோர் சவதார் குளத்து நீரை அருந்தியதும் இவ்வகையினதே. மறியல் பிறர் செல்லும் வழியைத் தடுக்கிறது. நுழைவு தனக்குத் தடுக்கப்பட்ட வழியிற் செல்கிறது. மொழிபெயர்ப்பாளர்க்கு இவ்வேறுபாடு இன்றியமையாதது.

1960 பிப்ரவரி 1 அன்று கிரீன்ஸ்பரோ நகரில் கறுப்பின மாணவர் நால்வர், உல்வொர்த் கடையில் வெள்ளையர்க்கு மட்டுமே உரியதாயிருந்த உணவு மேடையில் அமர்ந்து காப்பி கேட்டனர். இதனை ‘உள்ளிருப்புப் போராட்டம்’ எனல் தகாது. அது தொழிலாளி தன் பணியிடத்தை விட்டு வெளியேற மறுப்பதைக் குறிக்கும் சொல். அவ்விடத்தில் இருக்க அவனுக்கு முன்னரே உரிமை உண்டு. மாணவர்க்கோ அந்த இருக்கையே மறுக்கப்பட்டிருந்தது. ‘இருக்கை நுழைவு’ செவிக்குப் புதிதாகலாம். எனினும் மதுரைக் கோயிலையும் மகாட் குளத்தையும் அறிந்த வாசகர்க்கு அது விளங்கும். அவ்வாண்டு ஜூலை 25 அன்று அதே மேடையில் கறுப்பினத்தவர்க்கு உணவு பரிமாறப்பட்டது.