பீரோவும் பொலிட்பீரோவும்

எங்க வீட்டு பீரோவுக்கும் அமெரிக்காவோட எஃப்.பி.ஐ.க்கும் ஒரு சொந்தம் இருக்கு. எஃப்.பி.ஐ.ல நடுவுல நிக்கிற 'பி' இருக்கே, அதுவும் பீரோதான் :-)

பழைய பிரெஞ்சில் 'புரெல்' என்றால் முரட்டுக் கம்பளித் துணி. கணக்கு எழுதும் மேஜை மேல் அதை விரிப்பார்கள். காலப்போக்கில் விரிப்பின் பேர் மேஜைக்கு வந்தது. மேஜையின் பேர் அது கிடந்த அறைக்கு, அறையின் பேர் அங்கே நடந்த அலுவலகத்துக்கு. இன்றைக்கும் பிரெஞ்சில் மேஜையும் 'பூரோ'தான், ஆபீசும் 'பூரோ'தான்.

18-ம் நூற்றாண்டில் வின்சென்ட் த குர்னே என்கிற பிரெஞ்சு அதிகாரி, இந்த 'பூரோ'வோடு ஆட்சி என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லை ஒட்டவைத்து 'ப்யூராக்ரசி' என்றார். அதாவது மேஜை ஆளுதுன்னு கிண்டல். தாலுகா ஆபீசில் ஒரு சான்றிதழுக்காக நாலு தடவை நடந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. 1917-ல் ரஷ்யாவில் பொலிட்பீரோ வந்தது. 1908-ல் தொடங்கிய அமெரிக்கப் புலனாய்வு பீரோ, 1935-ல் எஃப்.பி.ஐ. ஆனது.

வீட்டுப் பக்கம் வந்த கிளை வேற. இங்கிலாந்தில் பீரோ என்றால் இழுப்பறை வைத்த எழுதுமேஜை. அமெரிக்காவில் துணி வைக்கிற இழுப்பறைப் பெட்டி. நமக்கோ ஆளுயர இரும்புப் பெட்டகம். தெலுங்கில் பீருவா, கன்னடத்தில் பீரு. 'தமிழில் அலமாரின்னு சொல்லுங்களேன்' என்பவர்களுக்கு: அது போர்த்துகீசுங்க!

பிரெஞ்சுக்காரன் கனவிலும் நினைக்காத ஒரு அர்த்தமும் இங்கே சேர்ந்தது: சீர். கட்டில், பீரோ இல்லாமல் கல்யாணப் பேச்சு முடியாது. 1961-ல் வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தும் 'சீர்' என்ற பேரில் கேட்டு வாங்குவது நிற்கவில்லை. பீரோவுக்குக் கடன் வாங்கிய அப்பாக்கள் எத்தனை பேர்!

அதே பீரோதான் பல பெண்களுக்கு வீட்டில் 'என்னோடது'ன்னு சொல்ல இருந்த ஒரே இடமும். எங்கம்மா சாவியை இடுப்பை விட்டு எடுக்கமாட்டாங்க. உள்ளே பட்டா, ரேஷன் கார்டு, எங்க மார்க் ஷீட், ரகசியமா சேர்த்த காசு. எங்க வீட்டு ஆபீசே அதுதான். மத்த தட்டு முழுக்கப் புடவை. துணியில் ஆரம்பிச்ச சொல், ஊரெல்லாம் ஆண்டுட்டு, கடைசியில துணிகிட்டயே வந்துருச்சு.

உங்க வீட்டு பீரோ சாவி யார்கிட்ட இருக்கு?