எருக்கை நாடும் வரியன்

நல்லது என்றும் தீயது என்றும் பிரித்து எண்ணப்படாத எளிய பூ எருக்கு. அத்தகைய பூவையும் கடவுள் ஏற்க மறுப்பதில்லை என்பதைக் காட்டிப் பாரியின் கொடைத்திறத்தை விளக்குகின்றார் கபிலர் (புறநானூறு 106). விநாயகருக்கு எருக்கமாலை சாத்தும் வழக்கம் இன்றும் உண்டு. ஆயினும், பூவினும் இலையையே பெரிதாகப் போற்றும் அடியார் ஒருவர் எருக்குக்கு உளர். வெந்தய வரியன் என்னும் வண்ணத்துப்பூச்சியே அவர்.

இது எருக்கிலையில் ஒவ்வொன்றாக முட்டையிடும். புழு அவ்விலையைத் தின்று, பாலிலுள்ள நஞ்சைத் தன் உடலில் சேர்த்துக்கொள்ளும். அதனால் பறவைகள் இதனை வெறுத்து ஒதுக்கும். நஞ்சில்லாத வேறொரு வண்ணத்துப்பூச்சியின் பெண்ணினம் இதன் கோலத்தைப் புனைந்து உயிர் தப்புகின்றது!

இதன் புகழ் பழமையானது. ஏறத்தாழ கி.மு. 1350இல் எகிப்தின் தீப்ஸ் நகரில் நெபமுன் என்பவரது கல்லறையில் தீட்டப்பெற்ற வேட்டைக் காட்சியில் இவ்வரியனைக் காணலாம். அவ்வோவியம் இப்பொழுது இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. 1758இல் லின்னேயசு இதற்கும், இதன் அமெரிக்க உறவான மோனார்க்குக்கும் அறிவியற் பெயர் சூட்டினார்.

மோனார்க்கின் வரலாறு நமக்கு ஒரு பாடம். வட அமெரிக்காவிலிருந்து மெக்சிகோ மலைக்காடுகளுக்குக் குளிர்காலத்தில் வலசை போகும் இப்பூச்சி, 1840களில் ஹவாயையும், 1870ஐ ஒட்டி ஆஸ்திரேலியாவையும் அடைந்தது. கடல் கடந்தது வியப்பன்று. அங்கே நிலைத்ததே வியப்பு. எருக்கின் இனத்துச் செடிகளை மனிதர் அந்நிலங்களில் கொண்டுபோய் நட்டிருந்தமையே அதற்குக் காரணம். இலை முன்னே சென்றது. இறகு பின்னே சென்றது.

நம் பினாங்கு மாநிலத்தில், தெலுக் பஹாங்கில் 1986இல் வண்ணத்துப்பூச்சிப் பண்ணை தோன்றியது. 2016இல் அது எண்டோபியா எனப் புதுப்பெயர் பெற்றது. புக்கிட் மெர்தாஜாம் வட்டாரப் பள்ளித் தோட்டங்களுக்கு அவ்வளவு பெருமுயற்சி வேண்டுவதில்லை. வெட்சி போன்ற பூச்செடிகள் தேன் தரும். ஆனால் பூ மட்டும் உள்ள தோட்டத்துக்கு வருவது விருந்தாளியே. தங்கிக் குடி பெருக்க எருக்கு வேண்டும். ஆண் வரியன் பெண்ணைக் கவரும் மணத்துக்குரிய பொருளை வாடிய தேள்கொடுக்குச் செடியிலிருந்து பெறுகின்றது. அதற்கும் ஓர் ஓரம் விடலாம்.

எருக்கம்பால் கண்ணில் படலாகாது என்று மாணவரை எச்சரித்தல் வேண்டும். புழு அரித்த இலையைக் கண்டு, தோட்டம் பாழாயிற்று என்று மருந்து தெளித்தலும் ஆகாது. அவ்வரிப்பே, நாளைய இறகுக்கு இன்று நாம் இடும் சோறு!